பாஸ்வேர்டு சரி, லாகின் மட்டும் ஆகவில்லை: பழைய கிளையன்டால் வரும் மைஎஸ்கியூஎல் பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

சர்வரில் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 5.7 பதிப்பு இருந்தது, 8.0-க்கு ஏற்றியாகிவிட்டது. சர்வருக்குள்ளேயே கட்டளை வரியில் லாகின் செய்தால் போகிறது. பில்லிங் மென்பொருளோ, இணையதளமோ, மாத அறிக்கை எடுக்கும் எக்செல் கோப்போ மட்டும் உள்ளே நுழைய முடியாமல் நிற்கிறது. அடுத்து வழக்கமாக நடப்பது என்ன? பாஸ்வேர்டை மாற்றுவார்கள். திரும்பவும் மாற்றுவார்கள். ஃபயர்வாலை அணைத்துப் பார்ப்பார்கள். அந்தப் பயனருக்கு எல்லா உரிமைகளையும் அள்ளிக் கொடுப்பார்கள். பிழை அப்படியே இருக்கும். சர்வர்தான் முன்பைவிடத் திறந்து கிடக்கும்.

இங்கே பாஸ்வேர்டில் கோளாறு இல்லை. 2018 ஏப்ரலில் வெளிவந்த 8.0 பதிப்பில், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் இயல்பான முறையே மாறியது. அதுவரை இருந்தது ‘மைஎஸ்கியூஎல்_நேட்டிவ்_பாஸ்வேர்டு’. அது பாஸ்வேர்டை ஷா-1 வழியாக இரண்டு முறை ஹாஷ் செய்து (திரும்பப் பெற முடியாத சரமாக மாற்றி) வைக்கும். சால்ட், அதாவது ஹாஷ் செய்யும்போது கலக்கும் தற்செயல் எழுத்துகள், கிடையாது. ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கும் இரண்டு பயனர்களுக்கு அட்டவணையில் ஒரே ஹாஷ்தான் இருக்கும். புதிதாக வந்தது ‘கேச்சிங்_ஷா2_பாஸ்வேர்டு’. இதில் ஒவ்வொரு பயனருக்கும் தனி சால்ட், ஷா-256, இயல்பாக 5000 சுற்று. சர்வர் இந்தப் புது முறையில் பேச்சைத் தொடங்குகிறது. பல வருடங்களுக்கு முன் நிறுவிய டிரைவருக்கு (மென்பொருளை டேட்டாபேஸோடு இணைக்கும் நிரல்) அப்படி ஒரு முறை இருப்பதே தெரியாது. பாஸ்வேர்டைக் கேட்டுச் சரிபார்க்கும் கட்டம் வருவதற்கு முன்பே இணைப்பு முறிந்துவிடுகிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிளையன்டை, அதாவது சர்வரோடு இணையும் பக்கத்து டிரைவரையும் லைப்ரரியையும், புதுப்பியுங்கள்; சர்வரைக் கீழே இறக்காதீர்கள். இந்தப் பிழைகளை இணையத்தில் தேடினால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது ‘பயனரைப் பழைய முறைக்கு மாற்று’ என்ற யோசனைதான். ஒரே வரியில் வேலை முடியும். ஆனால் அந்தப் பழைய முறை கைவிடப்படுகிறது என்று 8.0.34-இல் அறிவித்தார்கள். 2024 ஏப்ரலில் வந்த 8.4-இல் அதை இயல்பாகவே அணைத்து வைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் வந்த 9.0-இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். இன்று ஒரு வரியில் தள்ளிப் போட்டது, அடுத்த அப்டேட்டில் 1524 என்ற இன்னொரு பிழை எண்ணோடு திரும்பி வரும்.

பிழைச் செய்திகளையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில், அடிக்கோடு காட்டிய இடத்தில் அடிக்கோட்டோடு தட்டுங்கள்.

முதலில் எண்ணைப் பிடியுங்கள்

மைஎஸ்கியூஎல்லில் 2000 முதல் 2999 வரையுள்ள பிழை எண்களை எழுப்புவது கிளையன்ட் லைப்ரரி. 1000 வரிசையிலும் 3000-க்கு மேலும் உள்ளவை சர்வர் அனுப்புபவை. இது தெரிந்தால் பாதித் தேடல் மிச்சம். 2059 வந்திருக்கிறதா? அதைச் சொன்னது உங்கள் பக்கத்து லைப்ரரி. சர்வரின் லாகைப் புரட்டினால் விடை கிடைக்காது. 1251 வந்திருக்கிறதா? உங்கள் கிளையன்டைப் பார்த்து ‘உனக்கு இந்த முறை தெரியவில்லை’ என்று சர்வரே சொல்லியிருக்கிறது.

மென்பொருளின் திரையில் ‘கனெக்ஷன் ஃபெயில்டு’ என்று மட்டும் தெரிந்தால் அதோடு நிற்காமல் அதன் லாக் கோப்பைத் திறந்து எண்ணைத் தேடுங்கள். இன்னொன்று: உங்கள் மடிக்கணினியில் இருக்கும் புத்தம் புதிய ஒர்க்பெஞ்சில் (மைஎஸ்கியூஎல்லின் திரைக் கருவி) லாகின் ஆகிறது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அதற்குப் புது முறை தெரியும். சிக்கல் உள்ள கணினியிலிருந்து, அந்த மென்பொருள் பயன்படுத்தும் அதே லைப்ரரியைக் கொண்டு சோதித்தால்தான் அது சோதனை.

அறிகுறி: 1045, ‘ஆக்சஸ் டினைடு ஃபார் யூசர்’

இது பெரும்பாலும் கிளையன்ட் பழசானதால் வருவதல்ல. செய்தியின் கடைசியில் ‘யூசிங் பாஸ்வேர்டு: நோ’ என்று இருந்தால், மென்பொருள் பாஸ்வேர்டே அனுப்பவில்லை; கான்ஃபிக் கோப்பைப் படிக்கவில்லை என்று பொருள். ‘எஸ்’ என்று இருந்தால் பாஸ்வேர்டு தவறு, அல்லது அந்த ஐபி முகவரிக்கு வேறொரு பயனர் வரி பொருந்திவிட்டது. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று பதிந்த பயனரும் ‘%’ என்று பதிந்த பயனரும் சர்வருக்கு வேறு வேறு ஆட்கள். பாஸ்வேர்டும் வேறு வேறாக இருக்கலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் மனதில் வையுங்கள். ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னர்களில் ‘மைஎஸ்கியூஎல்-கிளையன்ட்’ என்று நிறுவினால் உண்மையில் வருவது மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபியின் கிளையன்ட். அது எட்டாம் பதிப்பு சர்வரோடு பேசும்போது 1045 என்ற எண்ணைக் காட்டி, பக்கத்திலேயே ‘பிளகின் கேச்சிங்_ஷா2_பாஸ்வேர்டு குட் நாட் பி லோடெட்’ என்றும் எழுதும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு பாஸ்வேர்டை மாற்றப் போனால் நாள் முழுக்கப் போகும். ‘மரியாடிபி-கனெக்டர்-சி’ என்ற தொகுப்பையும் சேர்த்து நிறுவுங்கள். விடுபட்டிருந்த பிளகின் கோப்பு (புது முறையைக் கையாளும் துணைக்கோப்பு) அதில்தான் இருக்கிறது. இரவில் பேக்கப் எடுக்கும் கன்டெய்னர்களில் இதை அதிகம் பார்க்கலாம். அங்கே திரையைப் பார்க்க ஆள் இருப்பதில்லை என்பதால், பேக்கப் கோப்பு வெறுமையாகக் கிடப்பதைக் கண்டபிறகுதான் தெரியவரும்.

அறிகுறி: பழைய பயனர்கள் நுழைகிறார்கள், புதிதாக உருவாக்கிய பயனர் மட்டும் நுழைய முடியவில்லை

ஒரே மென்பொருள், ஒரே கணினி. பழைய பயனர் பெயரில் போகிறது, நேற்று உருவாக்கிய பெயரில் போகவில்லை. பலரும் உரிமைகளைத்தான் சந்தேகிப்பார்கள். காரணம் வேறு. 5.7-லிருந்து ஏற்றும்போது ஏற்கனவே இருக்கும் பயனர்களின் முறையை மைஎஸ்கியூஎல் தொடுவதில்லை. அவர்கள் பழைய முறையிலேயே தொடர்கிறார்கள். ஏற்றிய பிறகு உருவாகும் பயனருக்குத்தான் புது முறை ஒட்டிக்கொள்கிறது.

சோதிக்க, ‘மைஎஸ்கியூஎல்.யூசர்’ அட்டவணையிலிருந்து ‘யூசர்’, ‘ஹோஸ்ட்’, ‘பிளகின்’ ஆகிய மூன்று பத்திகளை செலக்ட் செய்து பாருங்கள். இரண்டு பயனர்களுக்கும் பிளகின் பத்தி வேறாக இருந்தால் காரணம் உறுதி. இந்த அறிகுறியை நல்ல எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்: உங்கள் மென்பொருளின் டிரைவர் பழசு என்பது, எல்லாம் நிற்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

அறிகுறி: 1251, ‘கிளையன்ட் டஸ் நாட் சப்போர்ட் ஆத்தென்டிகேஷன் புரோட்டோகால்’

இந்தச் செய்திக்கு வயது அதிகம். 4.1 பதிப்பில் பாஸ்வேர்டு ஹாஷ் 16 எழுத்திலிருந்து 41 எழுத்தாக மாறியபோது பழைய கிளையன்ட்கள் இதே வரியில்தான் முட்டி நின்றன. இப்போது அதே வரி வேறு காரணத்துக்கு வருகிறது.

நோட் ஜேஎஸ்ஸில் எழுதிய மென்பொருள் என்றால் ‘மைஎஸ்கியூஎல்’ என்ற பெயருள்ள பழைய தொகுப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். புது முறை அதற்குத் தெரியாது. ‘மைஎஸ்கியூஎல்2’ என்ற தொகுப்புக்கு மாறுங்கள். அழைக்கும் விதம் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் பல நிரல்களில் ‘ரெக்வயர்’ வரியை மாற்றினாலே ஓடிவிடும். ஆனாலும் தேதி, பெரிய எண் ஆகியவை திரும்பி வரும் விதத்தை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

விண்டோஸில் விபி6, டெல்ஃபி, ஆக்சஸ், எக்செல் வழியாக இணைகிறீர்கள் என்றால் விண்டோஸின் பொது டேட்டாபேஸ் இணைப்பு முறையான ஓடிபிசியின் டிரைவரைப் பாருங்கள். 3.51, 5.1 ஆகிய டிரைவர்கள் இன்னும் பல அலுவலகங்களில் உயிரோடு இருக்கின்றன. 8.0 வரிசை டிரைவரை நிறுவுங்கள். நிறுவிய பிறகும் பிழை தொடர்ந்தால் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். விபி6 மென்பொருள் 32 பிட். 64 பிட் டிரைவரை நிறுவினால் ஓடிபிசி பட்டியலில் அது அழகாகத் தெரியும், மென்பொருள் கண்ணுக்கு மட்டும் தெரியாது. 32 பிட் பட்டியலைப் பார்க்க விண்டோஸ் கோப்புறைக்குள் ‘சிஸ்வாவ்64’ என்ற கோப்புறையில் இருக்கும் ‘ஓடிபிசிஏடி32’ நிரலைத் திறக்க வேண்டும். பெயரில் 64 இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். 32 பிட்டுக்கான இடம் அதுதான். டிஎஸ்என் (இணைப்பு விவரங்களைச் சேமித்து வைக்கும்) பதிவிலும் பழைய டிரைவரின் பெயரே எழுதியிருக்கும். அந்தப் பதிவை நீக்கிவிட்டுப் புது டிரைவரின் பெயரில் மறுபடி உருவாக்குங்கள்.

அறிகுறி: 2059, ‘ஆத்தென்டிகேஷன் பிளகின் கேனாட் பி லோடெட்’

இங்கே கிளையன்ட் கொஞ்சம் விவரமானது. பிளகின் என்றால் என்னவென்று அதற்குத் தெரியும். சர்வர் சொன்ன பெயரில் ஒரு கோப்பைத் தன் கோப்புறையில் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை. தேடிய கோப்பின் முழுப் பாதையும் செய்தியிலேயே இருக்கும். அந்தப் பாதையை வைத்தே எந்த லைப்ரரி பேசுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். பாதையில் ‘மரியாடிபி’ என்று வந்தால் நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த மைஎஸ்கியூஎல் லைப்ரரி அங்கே இல்லை. டெபியன் 9-ஆம் பதிப்பிலிருந்தே அங்கே இயல்பான கிளையன்ட் மரியாடிபிதான்.

அந்தக் கோப்பை எங்கிருந்தாவது இறக்கி அதே கோப்புறையில் போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பிளகின் கோப்பு தன் லைப்ரரியின் பதிப்போடு பிணைந்தது. வேறு பதிப்பின் கோப்பைப் போட்டால் ஓடாது. ஓடினாலும் நம்ப முடியாது. லைப்ரரியையே ஏற்றுங்கள்.

எது வரை ஏற்ற வேண்டும்? சி லைப்ரரி என்றால் 5.7 வரிசையில் 5.7.23, 8.0 வரிசையில் 8.0.4 அல்லது அதற்கு மேல். ஜாவா கனெக்டர் (ஜாவாவுக்கான டிரைவர்) 8.0.9. டாட்நெட் கனெக்டர் 8.0.10. இவை புது முறையை அறிந்த குறைந்தபட்சப் பதிப்புகள்தான். இன்று நிறுவுகிறவர்கள் இந்த எண்களில் நிற்காமல், கிடைப்பதில் புதியதையே எடுங்கள்.

பைத்தானில் பெயர்க் குழப்பம் ஒன்று அடிக்கடி மாட்டிவிடும். ‘மைஎஸ்கியூஎல்-கனெக்டர்’ என்றொரு தொகுப்பு, ‘மைஎஸ்கியூஎல்-கனெக்டர்-பைத்தான்’ என்றொரு தொகுப்பு. முதலாவது 2.2 பதிப்போடு நின்றுபோனது. ‘இஸ் நாட் சப்போர்டெட்’ என்ற செய்தி வந்தால் பெரும்பாலும் முதலாவதை நிறுவியிருப்பீர்கள். அதை நீக்கிவிட்டு இரண்டாவதை நிறுவுங்கள். நிரலில் எழுதும் இம்போர்ட் வரி இரண்டுக்கும் ஒன்றே என்பதால் நிரலைப் பார்த்து எது இருக்கிறது என்று சொல்ல முடியாது; பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) தரும் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். ‘பைமைஎஸ்கியூஎல்’ பயன்படுத்துகிறவர்களுக்கு 0.9 பதிப்பிலிருந்து புது முறை தெரியும். ஆனால் ‘கிரிப்டோகிராஃபி’ தொகுப்பு கூடவே இருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் பெயரைச் சொல்லியே பிழை வரும்.

அறிகுறி: பிஹெச்பியில் 2054, ‘ஆத்தென்டிகேஷன் மெத்தட் அன்னோன் டு த கிளையன்ட்’

பிஹெச்பியில் கிளையன்ட் லைப்ரரியான ‘மைஎஸ்கியூஎல்என்டி’ பிஹெச்பியோடு சேர்ந்தே வருகிறது. அதை மட்டும் தனியாகப் புதுப்பிக்க வழியில்லை. பிஹெச்பியையே ஏற்ற வேண்டும். 7.4.4-லிருந்து புது முறை முழுமையாகத் தெரியும்.

இதன் அண்ணன் போல இன்னொரு பிழை உண்டு: ‘சர்வர் சென்ட் சார்செட் 255 அன்னோன் டு த கிளையன்ட்’. 8.0 சர்வரின் இயல்பான எழுத்து வரிசைமுறைக்கு எண் 255. 7.1.16-க்கும், 7.2 வரிசையில் 7.2.4-க்கும் முந்தைய பிஹெச்பிக்கு அந்த எண் தெரியாது. இதைக் கண்டால் பயனரைப் பழைய முறைக்கு மாற்றியும் பலன் இருக்காது. இணைப்பு அதற்கும் முன்பே முறிகிறது.

கட்டளை வரியில் பதிப்பைக் கேட்டால் 8.2 என்கிறது, இணையதளத்தில் மட்டும் பிழை வருகிறது என்றால், இணைய சர்வர் வேறு பிஹெச்பியை ஓட்டுகிறது. ‘பிஹெச்பிஇன்ஃபோ’ அழைக்கும் சிறு பக்கத்தை அதே தளத்தில் வைத்து, உலாவியில் திறந்து பாருங்கள். பார்த்தவுடன் அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள். அதில் இருக்கும் தகவல்கள் வெளியாட்கள் பார்க்கக் கூடாதவை.

அறிகுறி: டிரைவரை மாற்றிவிட்டேன், பிழை மட்டும் மாறவில்லை

அப்படியானால் பழையது இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுவியது எது என்று தேடாதீர்கள். ஓடிக்கொண்டிருப்பது எது என்று தேடுங்கள்.

ஜாவாவில் டாம்கேட் என்ற இணைய சர்வர் இதற்குப் பேர்போன இடம். புது ஜார் கோப்பை மென்பொருளின் ‘வெப்-இன்ஃப்’ கோப்புறைக்குள் போட்டிருப்பீர்கள். ஆனால் இணைப்புகளைத் தயாராக வைத்திருக்கும் இணைப்புக் குளத்தை டாம்கேட்டின் கான்ஃபிக் கோப்பில் அறிவித்திருந்தால், டிரைவரை ஏற்றுவது டாம்கேட்டின் பொதுவான ‘லிப்’ கோப்புறை. பழைய ஜார் அங்கே கிடக்கும். அங்கே புதியதை வையுங்கள், பழையதை நகர்த்திவிடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் எது ஏறும் என்று நம்பிச் சொல்ல முடியாது. லினக்ஸில் ஓடும் நிரல் என்றால் அதன் பிராசஸ் எண்ணைக் கொடுத்து ‘எல்எஸ்ஓஎஃப்’ ஓட்டினால் எந்த லைப்ரரிக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று தெரியும். நிரலை மறுதொடக்கம் செய்யாமல் விட்டிருந்தால், அழித்த பழைய கோப்பையே அது இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்.

சர்வர் பக்கத்திலிருந்தும் பார்க்க வழி இருக்கிறது. ‘பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமா’வில் ‘செஷன்_கனெக்ட்_அட்ரஸ்’ (‘அட்ரிப்யூட்ஸ்’ என்பதன் சுருக்கமாக, ஏ-டி-டி-ஆர்-எஸ் என்று தட்டுங்கள்) என்றொரு அட்டவணை. இப்போது இணைந்திருக்கும் ஒவ்வொரு கிளையன்டும் தன் லைப்ரரியின் பெயரையும் பதிப்பையும் அதில் சொல்லியிருக்கும். எதுவும் சொல்லாமல் இணைந்திருக்கும் கிளையன்ட் மிகப் பழசாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்வரை ஏற்றுவதற்குச் சில நாட்கள் முன்பே இந்த அட்டவணையைப் பல நேரங்களில் எடுத்து வைத்துக்கொண்டால், யார் யார் வெளியே நிற்கப் போகிறார்கள் என்ற பட்டியல் கையில் இருக்கும். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் வேலைகளையும் மறக்காமல் பிடியுங்கள்.

அறிகுறி: நேற்று வரை ஓடியது, சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் 2061, ஜாவாவில் ‘பப்ளிக் கீ ரிட்ரீவல் இஸ் நாட் அலவுட்’

இந்த வகைப் பிழைகளில் மிகவும் அலைக்கழிப்பது இதுதான். எதையும் மாற்றவில்லை, மின்சாரம் போய் வந்தது, அவ்வளவுதான், லாகின் நின்றுவிட்டது. சில நேரம் தானாகவே சரியாகியும்விடும். டேட்டாபேஸ் பழுதாகிவிட்டதோ என்று பயப்படுவார்கள்.

புது முறையின் பெயரிலேயே ‘கேச்சிங்’ இருக்கிறது. 5000 சுற்று ஹாஷ் போடுவது நேரம் பிடிக்கும் வேலை. அதனால் ஒரு பயனர் ஒருமுறை முழுமையாகச் சரிபார்க்கப்பட்டதும் சர்வர் அதை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அடுத்த லாகின்கள் விரைவான வழியில் முடிகின்றன. முழுச் சரிபார்ப்புக்குப் பாஸ்வேர்டு சர்வரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதால், அதற்குப் பாதுகாப்பான பாதை கட்டாயம்: டிஎல்எஸ் (மறைகுறியாக்கிய) இணைப்பு, அல்லது அதே கணினிக்குள் யூனிக்ஸ் சாக்கெட், அல்லது சர்வரின் ஆர்எஸ்ஏ பொதுச்சாவி. விரைவான வழிக்கு இவை எதுவும் வேண்டாம்.

இப்போது நடந்ததைச் சேர்த்துப் பாருங்கள். உங்கள் மென்பொருள் டிஎல்எஸ் இல்லாமல் இணைகிறது. அதே பயனர் பெயரில் யாரோ ஒருவர் ஒர்க்பெஞ்ச் வழியாக, டிஎல்எஸ்ஸோடு, ஒருமுறை நுழைந்திருந்தார். அந்தப் பயனர் நினைவகத்தில் பதிந்தார், அதன் தயவில் மென்பொருள் மாதக்கணக்கில் ஓடியது. ரீஸ்டார்ட் ஆனதும் நினைவகம் காலி. ‘ஃபிளஷ் பிரிவிலேஜஸ்’ கட்டளை கொடுத்தாலும், அந்தப் பயனரை ‘ஆல்டர் யூசர்’ வழியாக மாற்றினாலும் இதே கதைதான். மறுபடி யாராவது ஒர்க்பெஞ்சில் நுழைந்தால் ‘தானாக’ச் சரியாகிவிடும்.

சரியான தீர்வு டிஎல்எஸ்ஸை இயக்குவது. 8.0 சர்வர் முதன்முறை தொடங்கும்போது சான்றிதழ்களைத் தானே உருவாக்கி டேட்டா கோப்புறையில் வைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் சர்வர் பக்கம் நீங்கள் செய்ய எதுவும் இல்லை. கிளையன்டில் ‘எஸ்எஸ்எல்-மோட்’ மதிப்பை ‘ரெக்வயர்டு’ என்று வையுங்கள். பழைய கனெக்ஷன் வரிகளில் ‘யூஸ்எஸ்எஸ்எல்=ஃபால்ஸ்’ என்று யாரோ எப்போதோ எழுதி வைத்திருப்பார்கள்; ஜாவா மென்பொருள்களில் இந்தப் பிழைக்கு மூலகாரணம் அனேகமாக அந்த வரிதான். அதை எடுங்கள்.

டிஎல்எஸ் முடியவே முடியாது என்றால், சர்வரின் டேட்டா கோப்புறையில் இருக்கும் ‘பப்ளிக்_கீ.பெம்’ கோப்பைக் கிளையன்ட் கணினிக்கு நகலெடுத்து, ‘சர்வர்-பப்ளிக்-கீ-பாத்’ அமைப்பில் அதன் பாதையைக் கொடுக்கலாம். ‘அலவ்பப்ளிக்கீரிட்ரீவல்=ட்ரூ’ என்று எழுதினாலும் பிழை போய்விடும். ஆனால் அப்போது கிளையன்ட் எதிரே இருப்பது யாராக இருந்தாலும் அவரிடமே சாவியை வாங்கிக்கொள்கிறது. நடுவில் போலி சர்வர் ஒன்று உட்கார்ந்தால் பாஸ்வேர்டு அதன் கைக்குப் போகும். உங்கள் சொந்தக் கணினியில் நிரல் எழுதிப் பார்க்கும்போது பரவாயில்லை. வாடிக்கையாளர் தகவல் ஓடும் இடத்தில் எழுதாதீர்கள்.

அறிகுறி: ஜாவா கனெக்டரை ஏற்றியதும் ‘ஐஎஸ்டி’ பற்றிப் பிழை, அல்லது 2026, டிஎல்எஸ் பற்றிப் பிழை

இந்தியாவில் ஓடும் சர்வர்களில் முதலாவதை அதிகம் பார்க்கலாம். ‘த சர்வர் டைம் ஜோன் வேல்யூ ஐஎஸ்டி’ என்று தொடங்கும். ஐஎஸ்டி என்ற சுருக்கம் இந்திய நேரத்தையும் குறிக்கும், அயர்லாந்து, இஸ்ரேல் நேரங்களையும் குறிக்கும். எது என்று கனெக்டருக்குத் தெரியவில்லை. லாகினில் தவறில்லை. கனெக்ஷன் வரியில் ‘சர்வர்டைம்ஜோன்=ஏசியா/கொல்கத்தா’ என்று சேருங்கள்; அல்லது 8.0.23-க்கு மேற்பட்ட கனெக்டருக்குப் போங்கள், அங்கே இந்தத் தொல்லை இல்லை. இதைக் கண்டு பயந்து பழைய கனெக்டருக்கே திரும்பிவிடாதீர்கள்.

டிஎல்எஸ் பிழை இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம். மைஎஸ்கியூஎல் 8.0.28-இல் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் நீக்கிவிட்டார்கள். ஜாவாவிலும் 8-இன் 291-ஆவது அப்டேட்டில் அவற்றை அணைத்துவிட்டார்கள். 5.1 வரிசையின் பழைய கனெக்டர்கள் அந்த இரண்டை மட்டுமே முன்வைக்கும். ‘நோ அப்ராப்ரியேட் புரோட்டோகால்’ என்று முறியும். ஜாவாவின் பாதுகாப்புக் கோப்பைத் திருத்தி அணைத்ததை மறுபடி இயக்குவது மோசமான வழி. அந்தக் கணினியின் எல்லா ஜாவா இணைப்புகளும் பலவீனமாகும். கனெக்டரை ஏற்றுவது ஒரு கோப்பை மாற்றும் வேலைதான்.

அறிகுறி: 8.4-க்கு ஏற்றியதும் 1524, அல்லது சர்வரே எழவில்லை

முன்பு பழைய முறைக்கு மாற்றி வைத்த பயனர்கள் இங்கே நிற்பார்கள்: ‘பிளகின் மைஎஸ்கியூஎல்_நேட்டிவ்_பாஸ்வேர்டு இஸ் நாட் லோடெட்’. சர்வரே எழவில்லை என்றால் கான்ஃபிக் கோப்பில் ‘டிஃபால்ட்_ஆத்தென்டிகேஷன்_பிளகின்’ வரி இருக்கிறதா என்று பாருங்கள். 8.4-இல் அந்த அமைப்பே கிடையாது. ‘அன்னோன் வேரியபிள்’ என்று சொல்லிவிட்டு சர்வர் நின்றுவிடும். டாக்கர் பயன்படுத்துகிறவர்கள் பதிப்பு எண்ணில் வெறும் 8 என்று எழுதியிருந்தால், இமேஜைப் புதிதாக இழுக்கும்போது 8.4 வந்து உட்காரும். கம்போஸ் கோப்பின் கட்டளை வரியில் அந்தப் பழைய அமைப்பு இருந்தால் கன்டெய்னர் எழுந்து எழுந்து விழும். வரியை நீக்குங்கள்.

1524-க்கு அவசர வழி: கான்ஃபிக் கோப்பின் ‘மைஎஸ்கியூஎல்டி’ பகுதியில் ‘மைஎஸ்கியூஎல்_நேட்டிவ்_பாஸ்வேர்டு=ஆன்’ என்று எழுதி சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயனர்கள் உள்ளே வருவார்கள். பிறகு ஒவ்வொரு பயனராக ‘ஆல்டர் யூசர் … ஐடென்டிஃபைட் வித் கேச்சிங்_ஷா2_பாஸ்வேர்டு பை …’ என்று மாற்றிவிட்டு, அந்த வரியை எடுங்கள். ஹாஷிலிருந்து ஹாஷுக்கு மாற்ற முடியாது என்பதால் பாஸ்வேர்டைப் புதிதாகக் கொடுத்தே ஆக வேண்டும். 9.0-இல் இந்த அவசர வழியும் இல்லை.

கிளையன்டைத் தொடவே முடியாத இடத்தில்

மென்பொருள் எழுதியவர் இப்போது தொடர்பில் இல்லை, மூல நிரல் இல்லை, ஆய்வுக்கூடக் கருவிக்குள் டிரைவர் புதைந்திருக்கிறது. இப்படியும் இடங்கள் உண்டு. அப்போது 8.0 அல்லது 8.4 சர்வரில் அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் தனிப் பயனர் உருவாக்கி, அவரை மட்டும் பழைய முறையில் வையுங்கள். ஹோஸ்ட் பகுதியில் ‘%’ போடாமல் அந்தக் கணினியின் ஐபி முகவரியையே எழுதுங்கள். அதற்குத் தேவையான டேட்டாபேஸில், தேவையான உரிமைகளை மட்டும் கொடுங்கள். வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டை வையுங்கள். பழைய முறையில் சேமித்த ஹாஷ் கசிந்தால் அதை உடைப்பது புது முறையைவிட எளிது. சர்வர் முழுமைக்கும் இயல்பான முறையைப் பழையதாக மாற்றுவதுதான் செய்யக் கூடாதது. அப்படிச் செய்தால் இனி உருவாகும் ஒவ்வொரு பயனரும் அதே கடனைச் சுமப்பார்.

போஸ்ட்கிரெஸில் இதே நோய்

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் புது முறையின் பெயர் ‘ஸ்க்ராம்-ஷா-256’. 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் அறிமுகமாகி, 2021-இல் வந்த 14-இல் இயல்பானதாக ஆனது. பழைய கிளையன்ட் என்றால் ‘ஸ்க்ராம் ஆத்தென்டிகேஷன் ரெக்வயர்ஸ் லிப்பிக்யூ வெர்ஷன் 10 ஆர் அபவ்’ என்று தெளிவாகவே சொல்லும். ஜாவா டிரைவர் மட்டும் ‘ஆத்தென்டிகேஷன் டைப் 10 இஸ் நாட் சப்போர்டெட்’ என்று சொல்லி, கூடவே, யார் எங்கிருந்து எந்த முறையில் நுழையலாம் என்று எழுதும் ‘பிஜி_ஹெச்பிஏ’ கோப்பில் ஐபி முகவரி இருக்கிறதா பார் என்றும் சொல்லும். அந்த அறிவுரையை நம்பி ஐபி வரிகளைத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். டிரைவரை 42.2.0-க்கு மேல் ஏற்றுங்கள், போதும்.

அந்தக் கோப்பில் ‘ஸ்க்ராம்’ என்பதை ‘எம்டி5’ என்று மாற்றியும் பழைய கிளையன்ட் நுழையாது. பாஸ்வேர்டு ஸ்க்ராம் வடிவில் சேமிக்கப்பட்டிருந்தால், எம்டி5 என்று எழுதினாலும் சர்வர் ஸ்க்ராம்தான் பேசும். தலைகீழ் நிலையும் உண்டு: பழைய சர்வரிலிருந்து வந்த பயனரின் பாஸ்வேர்டு எம்டி5 வடிவில் இருக்கிறது, கோப்பில் ஸ்க்ராம் என்று எழுதிவிட்டீர்கள். கிளையன்ட் எவ்வளவு புதிதாக இருந்தாலும் ‘பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு’ என்றே வரும். ‘பிஜி_ஆத்ஐடி’ அட்டவணையின் ‘ரோல்பாஸ்வேர்டு’ (‘ரோல்’ என்பதை ஆர்-ஓ-எல் என்று தட்டுங்கள்) பத்தி எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். ‘பாஸ்வேர்டு_என்கிரிப்ஷன்’ அமைப்பு ஸ்க்ராமில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, அந்தப் பயனருக்குப் பாஸ்வேர்டை மறுபடி கொடுங்கள். பழைய பாஸ்வேர்டையே மறுபடி கொடுத்தாலும் சரி. சேமிக்கும் வடிவம் மாறிவிடும்.

ஆரக்கிளில்

‘ஓஆர்ஏ-28040, நோ மேட்சிங் ஆத்தென்டிகேஷன் புரோட்டோகால்’ என்றால் கிளையன்ட் பழசு. ‘ஓஜேடிபிசி14’ போன்ற ஜார் கோப்பு எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். உடனே ஓட வேண்டும் என்றால், டேட்டாபேஸ் நிறுவப்பட்ட கோப்புறையின் ‘எஸ்கியூஎல்நெட்.ஓரா’ கோப்பில் ‘அலவ்டு_லாகான்_வெர்ஷன்_சர்வர்’ மதிப்பைத் தற்காலிகமாகக் குறைக்கலாம்.

சரியான பாஸ்வேர்டுக்கு ‘ஓஆர்ஏ-01017’ வந்தால் ‘டிபிஏ_யூசர்ஸ்’ பார்வையில் அந்தப் பயனரின் ‘பாஸ்வேர்டு_வெர்ஷன்ஸ்’ பத்தியைப் பாருங்கள். 10ஜி மட்டும் இருந்தால், 12.2-லிருந்து இயல்பான அமைப்பில் அவர் நுழைய முடியாது. அந்தப் பழைய ஹாஷை சர்வர் ஏற்பதில்லை. பாஸ்வேர்டை மறுபடி கொடுத்ததும் 11ஜி, 12சி ஆகியவை அந்தப் பத்தியில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மென்பொருளின் கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்டின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 10ஜி காலத்தில் அந்த வேறுபாடு பார்க்கப்படவில்லை, இப்போது பார்க்கப்படுகிறது.